வீட்டுக்குப் பின்னால் ஒரு மரப்பட்டறை: வெக்கை, ஜன்னல், தரை – கட்டுமுன் போட வேண்டிய கணக்கு

சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி. டேபிள் ஸா என்கிற மேஜை ரம்பத்தின் இரும்புத் தட்டில் உள்ளங்கையை வைத்தவன் சட்டென்று எடுத்துவிட்டேன். தோசைக்கல் அளவுக்கு இல்லை. ஆனால் வேலை செய்யக்கூடிய சூடும் இல்லை. வெளிச்சம் வேண்டுமே என்று கூரை நடுவில் நானே ஆசையாக ஒரு பாலிகார்பனேட் ஷீட் போட்டிருந்தேன். அதன் வழியே வெயில் நேராக மெஷின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஷெட்டைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் மறுபடியும் கட்டினேன். கோவையில், வீட்டுக்குப் பின்னால், 12க்கு 18 அடி. முதல் முறை தரை அழகுக்கும் சுவர் அழகுக்கும் செலவழித்துவிட்டு கூரையில் கையைச் சுருக்கினேன். இரண்டாம் முறை அதைத் தலைகீழாக மாற்றினேன். நம் ஊரில் பட்டறைக்கு வெக்கை மேலிருந்து வருகிறது, ஈரம் கீழிருந்து வருகிறது. பணமும் அந்த இரண்டு இடத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். சுவர் அழகும் டைல்ஸும் மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

கீழே சொல்வதெல்லாம் மரவேலைப் பட்டறையை மனதில் வைத்து எழுதியது. வெல்டிங், மோட்டார் ரிப்பேர், மண்பாண்டம் எதுவானாலும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் பேப்பர், அதிலும் முதலில் மெஷின்

கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு கட்டம் போட்ட நோட்டில் அறையை வரைந்து, மெஷின்களைத் தனித்தனித் தாளாக வெட்டி நகர்த்திப் பாருங்கள். விளையாட்டுப்போல இருக்கும். ஆனால் ஜன்னல் எங்கே, எந்த உயரத்தில், பிளக் பாயின்ட் எங்கே என்பதெல்லாம் இங்கேதான் முடிவாகிறது.

ஒரு கணக்கு. பிளைவுட் ஷீட் 8 அடி நீளம். ரம்பத்துக்கு முன்னால் 8 அடி, அறுத்து வெளியே வர 8 அடி, தள்ளுகிற ஆள் நிற்க 2 அடி. மொத்தம் 18. என் அறை நீளமும் 18. சரியாகப் பொருந்திவிட்டது என்று சந்தோஷப்படும்போதுதான் 10 அடிப் பலகை நினைவுக்கு வந்தது. அதற்கு 22 அடி வேண்டும். நாலு அடிக்கு எங்கே போவது? ஜன்னல் வழியாக வெளியேதான். ரம்பத்துக்கு நேர் எதிரே, ரம்பத் தட்டின் உயரத்தை விடத் தாழ்வாக அடிக்கட்டை வருமாறு ஒரு ஜன்னல் வைத்தேன். என் ரம்பத் தட்டு தரையிலிருந்து 34 அங்குலம். ஜன்னல் அடி 30 அங்குலம். பலகை ஜன்னல் வழியே வேலியோரம் நீட்டிக்கொண்டு போகும்; தென்னங்கன்றுதான் அவ்வப்போது அடி வாங்கும்.

ரம்பம் அறை நடுவில் நிற்பதால் அதற்குக் கரன்ட் தரைக்கு அடியில்தான் வர வேண்டும். தரை போடுவதற்கு முன் இரண்டு பைப் புதைத்துவிடுங்கள்: ஒன்று இப்போதைக்கு, ஒன்று பின்னாளில் வாங்கப்போகும் மெஷினுக்கு. பைப் செலவு ஒன்றுமில்லை. தரையைக் கொத்துவதுதான் செலவு.

கூரை: பாதிப் பணம் இங்கே

வெயிலில் தகர ஷீட் 60 டிகிரியைத் தாண்டும். அதற்குக் கீழே நிற்கும் உங்களைக் காற்று மட்டும் சுடுவதில்லை. ஷீட்டே அடுப்பு மாதிரி வெக்கையைக் கீழ்நோக்கி வீசுகிறது. ஃபேன் போட்டாலும் தலை சுடுவது அதனால்தான். ஆகவே இரண்டு வேலை: ஷீட் சூடாவதைக் குறைப்பது, சூடான ஷீட் கீழே வீசுவதைத் தடுப்பது.

முதல் வேலைக்கு வெளிர் நிற ஷீட் எடுங்கள். கரும்பச்சை, செங்கல் நிறம் எல்லாம் பார்க்க அம்சமாக இருக்கும், உள்ளே வேகும். பழைய ஷீட் என்றால் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட் நல்ல பலன் தரும். ஆனால் தூசி படியப் படிய பலன் குறையும், வருடம் ஒருமுறை மாசியில் கழுவிவிட வேண்டும்.

இரண்டாம் வேலைக்கு மூன்று வழி உண்டு.

பஃப் பேனல் என்று கடையில் கேட்டால் தருவார்கள்: மேலும் கீழும் தகரம், நடுவில் பாலியூரித்தேன் நுரை. 50 எம்.எம். பேனல் தடுக்கிற வெக்கையைச் செங்கல்லால் தடுக்க வேண்டுமென்றால் ஐந்தடிக்கு மேல் கனமான சுவர் வேண்டும். மழைச் சத்தமும் பாதியாகிவிடும். விலைதான் அதிகம். ஆனால் ஷீட், ஃபாயில், ஃபால்ஸ் சீலிங், அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள் கூலி என்று கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் முதலில் பயமுறுத்திய அளவுக்கு இருப்பதில்லை. புதிதாகக் கட்டுகிறவருக்கு என் சிபாரிசு இதுதான்.

ஏற்கெனவே ஷீட் இருக்கிறது என்றால், அதற்கடியில் அலுமினிய ஃபாயில், அதற்குக் கீழே 50 எம்.எம். ராக்வுல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு), அதை மூட சிமென்ட் ஃபைபர் போர்டு. ஃபாயிலில் நிறையப் பேர் செய்கிற தப்பு, ஷீட்டோடு ஒட்டி வைப்பது. ஒட்டினால் ஃபாயிலும் ஷீட்டும் ஒன்று, சூடு அப்படியே கடந்துவிடும். குறைந்தது ஒரு அங்குலம் காற்று இடைவெளி இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் ஃபாயில் என்றால் பளபளப்பு கீழே பார்க்கட்டும், ராக்வுல்லுக்கும் அதற்கும் நடுவிலும் இடைவெளி விடுங்கள். கீழே பார்க்கும் பக்கத்தில் தூசி படியாது, பல வருடம் வேலை செய்யும். ராக்வுல் போடுகிற அன்று முழுக்கை சட்டை, மாஸ்க், கண்ணாடி மூன்றும் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாள் சொறிந்துகொண்டிருப்பீர்கள்.

மூன்றாவது வழி, எல்லாரும் முதலில் நினைப்பது: தெர்மாகோல். விலை சல்லிசு, வெக்கையையும் தடுக்கும். ஆனால் கிரைண்டர் பொறி பறக்கிற இடத்தில் தலைக்கு மேல் மூடாத தெர்மாகோல் வேண்டாம். உருகும், சொட்டும், கரும்புகையோடு எரியும். கீழே குவிந்து கிடப்பதோ மரத்தூள். பொறி இல்லாவிட்டாலும் எலியும் அணிலும் ஒரே மழைக்காலத்தில் அதைக் குடைந்து குட்டி போட்டுவிடும். என் முதல் ஷெட்டில் வெள்ளை மணி மணியாகக் கொட்டியது பனி என்று பக்கத்து வீட்டுக் குழந்தை நம்பியது.

வெக்கையை வெளியே நிறுத்திவிட்டால் போதாது. உள்ளே பிறக்கும் வெக்கை வெளியே போக வேண்டும். 2 குதிரைத்திறன் மோட்டார் ஓடினால் அது தின்னும் கரன்ட் எல்லாம் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் முடிகிறது. பக்கச் சுவர் 10 அடி, நடு உச்சி 12 அடி என்று உயரம் கொடுத்து, உச்சியில் காற்றில் தானே சுற்றிச் சூட்டை வெளியே விடும் ஒரு டர்போ வென்டிலேட்டரோ, சுவர் உச்சியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனோ வையுங்கள்.

இன்னொன்று. மார்கழி விடியற்காலையில் வெறும் தகர ஷீட்டின் அடிப்பக்கம் வேர்க்கும். இரவெல்லாம் வானத்தைப் பார்த்துக் கிடந்து குளிர்ந்த ஷீட்டில் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் பனியாகப் பிடித்து, சொட்டுச் சொட்டாக விழும். விழுகிற இடம் எப்போதும் இழைத்துத் துடைத்து வைத்த இரும்பாகத்தான் இருக்கும். பேனல் போட்ட பிறகு இந்தத் தொல்லை போனது. ஃபாயில் வழியில் போகிறவர்கள் ஓரங்களையும் இணைப்புகளையும் டேப் போட்டு மூடினால்தான் இந்தப் பலன் கிடைக்கும்.

பட்டறைக்கு மேலே கான்கிரீட் தளம் என்றால் கதை வேறு. தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, சாயங்காலம் நீங்கள் ஆபீஸ் முடிந்து உளியை எடுக்கும் நேரம் பார்த்து உள்ளே விடும். அதற்குக் கீழே சீலிங் போடுவதை விட மேலே தடுப்பதே மேல். தளம் சூடாகவே விடாமல் செய்துவிடலாம். செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கடுக்காய், வெல்லத் தண்ணீர் விட்டு இடித்துப் போட்டு மேலே தட்டோடு பதித்த பழைய மெட்ராஸ் மொட்டை மாடிகள் செய்தது இதைத்தான். இன்று அந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகை பதித்து மேலே வாட்டமாக, அதாவது தண்ணீர் வழிந்தோட லேசான சரிவோடு, காரை, அதற்கு மேல் வெள்ளை கூல் டைல்ஸ் என்பது இப்போதைய வழி.

சுவர்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டால் மற்ற மூன்றும் தம்மைப் பார்த்துக்கொள்ளும். ஏ.ஏ.சி. பிளாக் (உள்ளே காற்றுக் குமிழ் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கல்) வெக்கையைச் செங்கல்லை விட நன்றாகத் தடுக்கும், ஆனால் திருகைப் பிடிக்காது. கிளாம்ப் மாட்டும் ரேக்கைச் சாதாரண ஸ்க்ரூ போட்டு அதில் தொங்கவிட்டால் ஒரு நாள் காலையில் எல்லாம் தரையில் கிடக்கும். ஆகவே மேற்குக்கு ஏ.ஏ.சி., சாமான் தொங்கும் சுவருக்குச் செங்கல்.

நான் மேற்குச் சுவருக்கு வெளியே மூன்றடிச் சாய்ப்பு இறக்கி அதில் மரக்கட்டைகளை அடுக்கியிருக்கிறேன். சுவருக்கு நிழல் ஆயிற்று, மரமும் காற்றில் நிதானமாகக் காய்கிறது. இடமில்லாதவர்கள் ஒரு பீர்க்கங்காய்ப் பந்தல் போட்டாலும் தப்பில்லை.

ஜன்னல்: வடக்கு, கொஞ்சம் சன்ஷேடோடு

கோவையின் பழைய பஞ்சாலைகளின் கூரையை ரம்பப்பல் மாதிரி பார்த்திருப்பீர்கள். அந்தப் பல்லின் செங்குத்தான கண்ணாடிப் பக்கம் வடக்கே பார்க்கும். நூலைப் பார்க்கக் கண் கூசாத, நாள் முழுக்க மாறாத வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அப்படி. உளிமுனையைப் பார்க்கவும் அதே வெளிச்சம்தான் வேண்டும்.

ஆனால் 'வடக்கில் வெயிலே வராது' என்பது நம் ஊருக்கு முழு உண்மை இல்லை. கோவை 11 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 18 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் 24 வரை மதிய வெயில் வடக்குப் பக்கத்திலிருந்துதான் விழுகிறது. ஜூன் மாதத்திலும் உச்சியிலிருந்து 12 டிகிரிதான் சாய்வு என்பதால் ஒரு அடி சன்ஷேடே நாலடி உயர ஜன்னலை மதியத்தில் மறைத்துவிடும். காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் வரும் வெயிலுக்கு இரண்டு ஓரத்திலும் ஒரு அடி செங்குத்துப் பலகையோ கல்லோ நிறுத்துங்கள். தெற்கில் நிலைமை வேறு: டிசம்பர் மதியம் சூரியன் 34 டிகிரி சாய்ந்து நிற்கும், 2 அடி சன்ஷேடு போட்டாலும் மூன்றடிக்குக் கீழே வெயில் விழும். தெற்கில் குள்ளமான ஜன்னல் போதும்.

எவ்வளவு ஜன்னல்? வறண்ட வெக்கை ஊருக்குத் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு, கடலோரப் புழுக்கத்துக்கு ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்பது நம் நாட்டுக் கட்டட விதிமுறைகளில் இருக்கும் அளவு. என் 216 சதுர அடிக்கு முதல் கணக்கில் 22, இரண்டாவது கணக்கில் 36 சதுர அடி. நாலுக்கு மூன்று ஜன்னல் இரண்டா, மூன்றா என்பதே கேள்வி. மூன்று வைத்தேன். இன்னொன்று இருந்தால் நல்லது என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

பெஞ்சுக்கு மேல் வரும் ஜன்னலின் அடி 42 அங்குலம். பெஞ்ச் 34 அங்குலம் என்றால் நடுவில் எட்டு அங்குலம் உளி வரிசைக்கு. பெஞ்சின் ஓரத்திலிருந்து தாழ்வாக வெளிச்சம் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மேலே ட்யூப்லைட் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி தெரிந்த பலகையில், பக்கவாட்டு வெளிச்சத்தில் இழைப்புளி ஓடிய ஒவ்வொரு தடமும் உழுத வயல் மாதிரி தெரியும். பாலிஷ் அடித்த பிறகு தெரிந்து என்ன பயன்?

ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும். அதன் அடிப்பாதையில் மரத்தூள் சேர்ந்தால் அதுவும் திறக்காது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு ஜன்னலே பட்டறைக்கு ஏற்றது. மரம், யுபிவிசி எதுவானாலும் சரி. கடலோரம் என்றால் இரும்புச் சட்டம் வேண்டாம், உப்புக்காற்று தின்றுவிடும். ரம்பத்துக்கு எதிரே உள்ள ஜன்னலுக்கு மட்டும் கிரில்லைக் கீல் வைத்து, உள்ளே பூட்டுப் போடும்படி செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பலகை வெளியே போகாது. தெருப்பக்கக் கண்ணாடியின் கீழ்ப்பாதி மங்கலாக இருக்கட்டும். உள்ளே என்ன மெஷின் நிற்கிறது என்று தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

காற்று விஷயத்தில் கோவைக்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வருகிறது, மாலை வெயிலும் மேற்கிலிருந்தே வருகிறது. நான் மேற்கில் கண்ணாடி ஜன்னல் வைக்காமல், சாய்ப்புக்குக் கீழே ஒரு அடி உயரத்தில் நீளமாக மரச்சட்ட லூவர் (சாய்வாக அடுக்கிய பட்டைகள்) மட்டும் வைத்தேன். காற்று வரும், வெயில் வராது. ஆடியில் அதற்கு உள்ளிருந்து ஒரு மூடியும் வேண்டியிருந்தது. அந்தக் காற்றில் அம்மி பறக்குமோ என்னவோ, மரத்தூள் பறக்கும்.

தரை: வாட்டம் வேண்டாம்

தரையைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், ஆனால் கட்டும்போது இதுதான் முதலில். போட்ட பிறகு திருத்த முடியாததும் இதுதான்.

உயரம்: ரோட்டிலிருந்து ஒன்றரை அடியாவது மேலே. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதன் மேலேயே போட்டு உயர்த்துகிற ஊர் நம்முடையது. இரண்டடி என்றால் நிம்மதி. அதே சமயம் வாசலில் படி இல்லாமல் சரிவு கட்டுங்கள். 150 கிலோ மெஷின் படி ஏறாது.

கிராவல் மண் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கியதும் கரையான் மருந்து. சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கலவை என்பது கணக்கு. 216 சதுர அடி என்பது சுமார் 20 சதுர மீட்டர், ஆக 100 லிட்டர். மருந்தடிக்க வந்தவர் ஒரே ஒரு 20 லிட்டர் டப்பாவோடு வந்து கால் மணி நேரத்தில் 'முடிஞ்சுதுங்க' என்றால், என்ன அடித்தார் என்று நின்று கேளுங்கள். மரப்பட்டறையில் கரையான் வந்தால் வீட்டுக் கதவோடு நிற்காது, வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த தேக்குக்குள் போகும்.

அதன் மேல் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட், இணைப்புகள் ஒரு அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு. கடையில் ஆயிரம் கேஜ் என்று கேளுங்கள். கீழிருந்து ஏறும் ஈரத்தை நிறுத்துவது இந்த ஒரு ஷீட்தான். கம்பி கட்டுகிறவர் அதை மிதித்துக் கிழிக்காமல் பக்கத்திலேயே இருங்கள். பிறகு 8 எம்.எம். கம்பியை 8 அங்குல இடைவெளியில் கட்டி, நாலு அங்குலக் கான்கிரீட். மறுநாளே நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு அங்குல ஆழத்துக்குக் கட்டர் ஓட்டுங்கள். கான்கிரீட் சுருங்கும்போது வெடிக்கத்தான் போகிறது. நீங்கள் கீறிய கோட்டில் வெடிக்கட்டும். ரம்பம் நிற்கும் இடத்தில் கோடு வராமல் வரைபடத்தைப் பார்த்துப் போடுங்கள்.

இப்போது வாட்டம். நம் ஊர் மேஸ்திரிக்குத் தரை என்றால் கழுவிவிடுகிற தரைதான். முதல் ஷெட்டில் நான் ஊருக்குப் போய் வருவதற்குள் வாசலைப் பார்த்து ஒன்றரை அங்குலம் இறக்கிவிட்டார். "தண்ணி தேங்குமுங்க, வாட்டம் இல்லாம எப்படிங்க?" என்றார். அவர் சொன்னது அவர் தொழிலில் நியாயம். ஆனால் பட்டறையைக் கழுவுவதில்லை, கூட்டுகிறோம். வாட்டமான தரையில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு காலில் ஆப்பு வைக்க வேண்டும், நகர்த்தினால் மறுபடியும் வைக்க வேண்டும். இரண்டாம் முறை நானே டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்து நாலு மூலையிலும் நடுவிலும் சிமென்ட் பொட்டு வைத்துக் கொடுத்தேன்.

மேல்பூச்சுக்கு என் ஓட்டு சாதாரண சிமென்ட் தரைக்கே. மழுங்க வழவழப்பாக்காமல், லேசான சொரசொரப்போடு தேய்க்கச் சொல்லுங்கள். விட்ரிஃபைட் டைல்ஸ் மேல் மெல்லிய மரத்தூள் படிந்தால் பவுடர் கொட்டிய கேரம் போர்டுதான். ஓடுகிற ரம்பத்தின் முன்னால் வழுக்குவதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். பார்க்கிங் டைல்ஸ் பிடிப்பாக இருக்கும், ஆனால் அதன் பள்ளங்களில் விழுந்த சின்ன ஆணியைக் காந்தம் வைத்துத்தான் எடுக்க வேண்டும். கடப்பாக் கல் சொரசொரப்பானது கிடைத்தால் நல்லது, காலுக்குக் குளிர்ச்சி. ரெட் ஆக்சைடு தரை அழகுதான், ஆனால் நல்ல ஆள் வேண்டும். எபாக்சி என்கிற பிசின் பூச்சுப் போட ஆசைப்பட்டால் கான்கிரீட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அடியில் ஈரம் இருந்தால் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வரும்.

எந்தத் தரையானாலும் நாலு மணி நேரம் நின்றால் குதிகால் சொல்லிவிடும். பெஞ்சுக்கு முன்னால் போட விலை உயர்ந்த மேட் எதுவும் வேண்டாம். கால்நடைப் பொருள் விற்கும் கடையில் மாட்டுத்தொழுவ ரப்பர் மேட் கிடைக்கும், ஆறரைக்கு நாலடி. ஒன்று பெஞ்சுக்கு, ஒன்று ரம்பத்துக்கு. கைதவறி விழுந்த உளியின் முனை உடையாமல் பிழைப்பது கூடுதல் லாபம். புது மேட்டின் வாசனை போக ஒரு வாரம் வெயிலில் போட்டு வையுங்கள்.

எப்போது தொடங்குவது

தை பிறந்ததும். பிப்ரவரிக்குள் தரை போட்டால் நல்ல வெயிலுக்கு முன் ஆறிவிடும். ஏழு நாளாவது மேலே சாக்கு விரித்துத் தண்ணீர் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூரை வேலை மே மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும், ஆனி ஆடிக் காற்றில் மேலே ஏறிப் பேனலைப் பிடிக்க ஆள் வர மாட்டார்கள், வரவும் கூடாது.

தரை போட்டு 28 நாள் கழித்து ஒரு சின்னச் சோதனை. இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டிவிட்டு, மறுநாள் காலையில் உரித்துப் பாருங்கள். அடிப்பக்கம் வறண்டிருந்தால் மெஷினை இறக்கலாம். முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் இன்னும் இரண்டு வாரம் மெஷின் வீட்டு ஹாலிலேயே நிற்கட்டும், வீட்டில் என்ன சொன்னாலும்.